வில்லை மாற்றி இறங்கியவர்கள்

தொழிலாளர் நல வாரியத்திலிருந்து ஒரு பெண் வந்தபோது தம்பி வீட்டில் இல்லை என்று சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னறையில் இருமல் தொடங்கிவிட்டது. ஒரு முறை இருமி நின்றுவிடுகிற இருமல் அல்ல அது. குழாயில் காற்று அடைத்ததுபோல இழுத்து இழுத்து வரும். அவள் தலையைச் சாய்த்து அதை முழுவதும் கேட்டாள். நான் கேட்காதவன்போல் நின்றேன்.

"இல்லாதவருக்கு இருமல் பலமா இருக்கே, ஐயா."

"பக்கத்து வீடு," என்றேன்.

"பக்கத்து வீட்டைத்தான் பாத்துட்டு வர்றேன். பூட்டு தொங்குது."

வேறு வழியில்லாமல் நாற்காலியைக் காட்டினேன்.

என் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. சுரங்கத்தை மூடிப் பதினான்கு வருடம் ஆகிறது. அதற்குள் அரசாங்கம் எங்கள் தெருவுக்கு வந்தது இரண்டே முறை. ஒரு முறை ஓட்டு கேட்க, இன்னொரு முறை தண்ணீர் வரியை ஏற்றிவிட்டோம் என்று சொல்ல. இப்போது மூன்று மாதமாக நாளுக்கொரு வண்டி வருகிறது. சுரங்கத்தை மறுபடி திறக்கப் போகிறார்கள். கம்பெனிக்குப் பாதி விலையில் மின்சாரம், புதுச் சாலை, நீர் இறைக்க அரசாங்கச் செலவில் இயந்திரம். ஆனால் பழைய சுரங்கத்தில் கல்தூசியைச் சுவாசித்து நோயாளியானவர்களின் பட்டியலை முடித்து, அவர்களுக்கு உதவித்தொகையும் மருத்துவமும் உறுதி செய்த பிறகுதான் அந்தச் சலுகையெல்லாம் கம்பெனிக்குக் கிடைக்கும். ஆக, பட்டியல் சீக்கிரம் முடிய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. சின்னதாக முடிய வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருத்தி மரியாதையாகப் பேசிக்கொண்டு உள்ளே வந்தால், நான் அவள் முகத்தைப் பார்ப்பேனா, பையைப் பார்ப்பேனா?

பையிலிருந்து இரண்டு எக்ஸ்ரே படங்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது உங்களுது. இது உங்க தம்பியோடது. போன மாச முகாம்ல எடுத்தது."

என் படத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே கறுப்பாக, சுத்தமாக இருந்தது. தம்பியின் படத்தில் மணலை அள்ளி எறிந்ததுபோல வெள்ளைப் பொட்டுகள்.

"ரிக்கார்டுப்படி முப்பத்தொரு வருஷம் சுரங்கத்துக்குள்ள வேலை பாத்தது நீங்க. ஒரு நாள் லீவு இல்ல. உங்க தம்பி வெளிய, பம்ப் அறையில. ஆனா தூசி அவர் நெஞ்சுல இருக்கு. எப்படி ஐயா?"

"டாக்டரைக் கேளுங்க. படத்தை மாத்தி வச்சிருப்பார்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். மறுபடி எடுக்கச் சொன்னேன். இது ரெண்டாவது தடவை எடுத்த படம்."

அவள் படங்களை உறையில் போட்டுக்கொண்டே சொன்னாள். தம்பிக்கு ஆக்சிஜன் மெஷினும் மாத உதவித்தொகையும் கிடைக்க வேண்டுமானால் பத்து வருடமாவது அவன் சுரங்கத்துக்குள் வேலை செய்ததாக நிரூபிக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு வருடம்கூட இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை சுரங்க அலுவலகத்தில் விசாரணை. அவனோடு இரண்டு சாட்சிகள் வர வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால் திறக்க மாட்டார்கள்.

"டாக்டர் உங்க வீட்ல சொன்னாரான்னு தெரியல," என்று குரலைத் தாழ்த்தினாள். "மெஷின் இல்லாம இந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டுறது கஷ்டம்."

எழுந்தவள் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்தாள். முப்பத்தொரு வருடம் ஒரு நாளும் தவறாமல் சுரங்கத்தில் இறங்கியமைக்காக எனக்குக் கம்பெனி கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் தெருவில் என்னைத் தவறாதவர் என்று கூப்பிடுகிறார்கள். அவள் அதை ஒரு தரம் படித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வழக்கத்தை வெளியாருக்குப் புரியவைப்பது கடினம். சுரங்கத்தில் ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. காலையில் விளக்கறை ஜன்னலில் வில்லையைக் கொடுத்தால் தலைவிளக்கு தருவார்கள். மாலையில் விளக்கைக் கொடுத்தால் வில்லை திரும்பி வரும். பலகையில் எந்த வில்லை தொங்குகிறதோ அந்த ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். வருகைப் பதிவும் வில்லையைப் பார்த்துத்தான். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் காய்ச்சலில் படுத்தவன், பிள்ளைப்பேற்றுக்கு மனைவியை அழைத்துப் போனவன், முதல் நாள் அதிகமாகக் குடித்தவன் எல்லோரும் தம்பியிடமோ மச்சானிடமோ வில்லையைக் கொடுத்தனுப்புவார்கள். வில்லை மாற்றி இறங்குவது என்று அதற்குப் பேர். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. மற்றவர்கள் ஒரு நாள், ஒரு வாரம் மாற்றினார்கள். நானும் தம்பியும் இருபத்திரண்டு வருடம் மாற்றினோம்.

நான் இறங்கிய ஒன்பதாம் வருடம் கூரை சரிந்தது. எனக்கு இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். பதினான்கு மணி நேரம் கழித்து மூவரையும் வெளியே எடுத்தார்கள். அதில் நான் மட்டும் நடந்து வந்தேன். மூன்று நாள் மூடியிருந்த சுரங்கம் நான்காம் நாள் திறந்தது; அன்று காலை வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். சங்கு ஊதியது. தம்பி அப்போது பம்ப் அறையில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவன் என் சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்துக்கொண்டு தன் வில்லையை அதில் போட்டான்.

"இன்னைக்கு ஒரு நாள் பம்பைப் பாத்துக்கங்கண்ணே."

அந்த ஒரு நாள் சுரங்கத்தை மூடும்வரை போயிற்று.

பணியிட மாற்றம் கேட்டிருக்கலாம். அதற்கு மனு எழுத வேண்டும். மனுவில் காரணம் எழுத வேண்டும். தாத்தா கீழே இறங்கியவர். அப்பா கீழேயே செத்தவர். அந்த வீட்டின் மூத்த பிள்ளை, பயம் என்று தன் கையால் எழுத முடியுமா? சம்பளத்தில் மட்டும் நான் அவனை ஏமாற்றவில்லை. என் பேரில் வந்த உறையைப் பிரிக்காமல் அவனிடம் கொடுப்பேன். அவன் பேரில் வந்ததை நான் வாங்கிக்கொள்வேன். அதோடு நியாயம் சரியாகிவிட்டது என்று எண்ணியிருந்தேன். தூசியை யாரும் உறையில் போட்டு மாற்றிக் கொடுக்கவில்லை.

வாரியத்துப் பெண் வந்துபோன அன்று சாயங்காலமே மேஸ்திரி வந்தான். எனக்கு ஒரு வயது மூத்தவன். எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தவறாதவர் வீட்டுக்கு வாரியத்து வண்டி வந்துச்சாமே?"

"வந்தது. போச்சு."

"என்ன கேட்டா?"

"தண்ணி கேட்டா. குடுத்தேன்."

"எங்கிட்டயே பூட்டுப் போடுறியா?" அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அடங்கியதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். "இங்க பாரு. வில்லை மாத்துன விஷயம் வெளிய வந்தா அது உன் தம்பியோட நிக்காது. ரிக்கார்டே பொய், எவனும் ஒழுங்கா இறங்கல, எல்லாம் ஆள்மாறாட்டம்னு மொத்தப் பட்டியலையும் கிழிச்சிருவாங்க. எனக்கும் நெஞ்சுல கல்லு இருக்குப்பா. தெருவுல பதினேழு பேருக்கு இருக்கு."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா?"

"ஆள்மாறாட்டம்ங்கிறது உன் வாயில வர்ற வார்த்தை இல்லையே."

அவன் மீசையைத் தடவினான். "கம்பெனி உதவி மேலாளர் பேச்சுவாக்குல சொன்னாரு. நல்ல மனுஷன்."

"திறந்ததும் உனக்கு மேற்பார்வை வேலைன்னும் பேச்சுவாக்குல சொன்னாரா?"

"உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். அதான் உன் வியாதி. படத்துல தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னதில் பாதி மிரட்டல், பாதி நியாயம். எந்தப் பாதி எது என்று பிரிக்க முடியாமல் இரண்டு நாள் திண்டாடினேன். இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்ய அது வசதியாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குள் வீட்டுக்குள்ளேயே இன்னொன்றைக் கவனித்தேன். தம்பி மனைவி தினமும் மூன்று மணிக்குக் கைப்பையோடு கிளம்பினாள். கேட்டால், "மருந்து வாங்கப் போறேன், மாமா," என்பாள். திரும்பும்போது மருந்து இருக்காது. கடையில் இல்லையாம். ஒரு நாள் இல்லை, சரி. நான்கு நாளுமா இல்லை? இவள் வாரியத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்றும் தோன்றியது. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் செய்கிறாளே என்று கொதித்தது.

ஆறாம் நாள் பின்னாலேயே போனேன். இந்த வயதில் நான் சைக்கிள் கடை ஓரம் ஒளிந்து ஒளிந்து நடந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். அவள் வாரிய அலுவலகத்துக்கே போனாள். கேட் அருகில் நின்றாள். பையைத் திறந்தாள், மூடினாள். காவலாளி ஏதோ கேட்டான், தலையாட்டினாள். பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பினாள். நேராக நான் நின்ற லாரிக்குப் பின்னால் வந்தாள்.

"மாமா, வெயில்ல நிக்காதீங்க. பின்னாடியே வர்றதுக்குப் பக்கத்துலயே வந்திருக்கலாம்."

"இங்க உனக்கு என்ன வேலை?"

பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "நீங்களே படிங்க."

தம்பியின் கையெழுத்து. வாரியத்துக்கு எழுதியிருந்தான். நான் பம்ப் அறையில் மட்டுமே வேலை செய்தேன், சுரங்கத்தில் ஒரு நாளும் இறங்கியதில்லை, இருபது வருடமாக நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்ததால் வந்த நோய் இது, என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும்.

"அந்தம்மா வந்துட்டுப் போன அன்னைக்கே எழுதிட்டார். கொண்டு போய்க் குடுன்னார். தினம் இந்த கேட் வரைக்கும் வர்றேன். கை நீள மாட்டேங்குது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க, மாமா?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தாளை மறுபடி படித்தேன்.

முதலில் என் கண்ணில் உறுத்தியது அந்த சிகரெட். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் புகை பிடித்தவன் கிடையாது. தீக்குச்சி வாசனை வந்தாலே அப்பா பெல்ட்டைத் தேடுவார். இரண்டு பாக்கெட்டாம்! அதை நினைத்து நினைத்துக் கொதித்துக்கொண்டு பாதித் தூரம் நடந்த பிறகுதான் மற்றது உறைத்தது. தம்பி எனக்குப் பிச்சை போடுகிறான். தன் மூச்சை எடுத்து என் சான்றிதழுக்கு நெய் வார்க்கிறான். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன் என்று என்னைப் பற்றி அவனுக்கு அத்தனை நிச்சயம். நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. என்னைவிட ஐந்து வயது இளையவனிடமா நீட்டுவேன்?

தாளை என் பையில் வைத்துக்கொண்டேன். "குடுத்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லு. நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போடணும்னு கூப்பிட்டாங்கன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா, மாமா?"

"நம்ம வீட்டுல அது என்ன புதுசா?"

வியாழக்கிழமை வாடகை வண்டியில் தம்பியை அழைத்துப் போனேன். சுரங்க அலுவலகத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் வாரியத்துப் பெண், மறு பக்கம் கம்பெனியின் உதவி மேலாளர். இஸ்திரி கலையாத சட்டை, என் மகனாக இருக்கக்கூடிய வயது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஐம்பதடி தூரத்தில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு, எண்ணெய் பூசிப் பளபளவென்று நின்றது. பக்கத்தில் பழைய கூண்டுக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சோதனை ஓட்டத்துக்கு அவரையே திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் ஏற்கெனவே கடுதாசி குடுத்துட்டேன்மா," என்று தம்பி தொடங்கினான். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். "அதுல இருக்கறதுதான்..."

"எனக்கு ஒண்ணும் வரலையே," என்றாள் அவள்.

நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "இதுதான் அது. முழுப் பொய். எங்க வீட்டுல சிகரெட் தொட்டவன் கிடையாது."

"அண்ணே, சும்மா இருங்க."

நான் சும்மா இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூரை சரிந்தது, வில்லை மாற்றியது, இருபத்திரண்டு வருடம் நான் பம்ப் அறையில் உட்கார்ந்தது. பயம் என்ற சொல் மட்டும் வரவில்லை. கால் வரவில்லை என்று சொன்னேன். தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான்.

உதவி மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல கதை பெரியவரே. பதினாலு வருஷமா வராத ஞாபகம், உதவித்தொகைன்னதும் வந்திருச்சு. அப்ப கம்பெனி குடுத்த சான்றிதழ்?"

"பொய்."

"அன்னைக்கு அவ்வளவு பெரிய பொய் சொன்னவர் இன்னைக்கு உண்மை பேசுறார்னு நான் எப்படி நம்புறது?"

கேள்வி சரியான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வாரியத்துப் பெண்ணைப் பார்த்தேன். அவள் பேனா காகிதத்தின்மேல் நின்றது, எழுதவில்லை.

"கூண்டு ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுது. ஏன்?"

"நான் ஏறுறேன். ஏற முடிஞ்சா என்னைப் பொய்யன்னு எழுதிக்கங்க."

"நடிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். ஆனாலும் எழுந்து வந்தார்.

நடிக்கப் போனேன் என்றுதான் இன்றும் தெருவில் சிலர் சொல்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. கூண்டை நோக்கி நடக்கும்போது, இத்தனை வருடம் கழித்து, ஏறிவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது. ஏறிவிடவே விரும்பினேன். தம்பியின் மெஷின், பட்டியல் எல்லாம் அந்த ஐம்பதடியில் மறந்துபோயின. முதுகை நிமிர்த்திக்கொண்டு வாசல் கம்பிவரை போனேன். அடியிலிருந்து ஈரக் கல்லின் வாடை வந்தது. வலது காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்த கை வழுக்கி, அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு விழுந்தேன். நடிக்க நினைத்திருந்தால் இதைவிடக் கௌரவமாக நடித்திருப்பேன்.

யாரோ என் தோளைத் தொட்டு ஓரமாகத் தள்ளினார்கள்.

"விடுங்கண்ணே. நான் போறேன்."

தம்பி என்னைத் தாண்டிக் கூண்டுக்குள் ஏறினான். யோசித்து ஏறவில்லை. ஏறியவன் நேராகப் பின்மூலைக்குப் போனான். குதிகாலை மூலைத் தகட்டில் பதித்தான். பார்க்காமலே கையைத் தூக்கி மேல்கம்பியைப் பிடித்தான். முகத்தைக் கூண்டின் கம்பிவலைப் பக்கம் திருப்பி, வாயை இறுக மூடி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்றான். கூண்டு இறங்கத் தொடங்கும்போது கயிறு முதலில் ஒரு உதறு உதறும். மேலே பார்த்தவன் கண்ணில் கல்தூள் விழும். வாய் திறந்தவன் நாக்கைக் கடித்துக்கொள்வான். முழங்காலை விறைத்தவன் விழுவான். இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருவதல்ல. ஆயிரக்கணக்கான காலைகளில் உடம்புக்குத் தானாக வருவது.

கூண்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "அந்த மூலைதான்," என்றார். "இருபத்திரண்டு வருஷமும் அந்த மூலைதான். அவர் அங்க போய் நின்னாதான் நான் மணியே அடிப்பேன்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் வாரியத்துப் பெண்.

"எண்ணி இறக்குனவன் நான். தெரியாதா?"

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"வில்லையை எண்ணச் சொன்னாங்க, எண்ணினேன். ஆளைப் பத்தி யாரும் கேக்கலையேம்மா."

"அதெல்லாம் ரிக்கார்டு ஆகாது," என்றார் உதவி மேலாளர்.

"எக்ஸ்ரே படம் ரிக்கார்டுதான் சார். சாட்சி ரெண்டு கேட்டோம், ரெண்டு வந்தாச்சு," என்று அவள் அங்கேயே அட்டையை முன்கையில் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

எழுதியதை மூன்று தரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நோயாளி புகைப் பழக்கம் இல்லாதவர் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள். முத்திரை வைத்த நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை மெஷின் வரும் என்றாள். தெருவில் மற்றவர்களின் கதி என்ன என்று கேட்டேன். இனி வில்லையைப் பார்த்து அல்ல, படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யச் சொல்லி எழுதப் போவதாகச் சொன்னாள். அவள் எழுதுவாளா, எழுதினால் மேலே இருப்பவர்கள் கேட்பார்களா, எனக்குத் தெரியாது. நம்புவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

வண்டியில் தம்பி என் பக்கம் திரும்பவில்லை. தெருமுனை வந்ததும் கேட்டான்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"உன்னைக் கேட்டா சொல்ல விட்டிருப்பியா?"

"இத்தனை வருஷம் நான் காப்பாத்துனேன். அரை மணி நேரத்துல போட்டு உடைச்சுட்டீங்க." மூச்சு வாங்கினான். "இனி இந்தத் தெருவுல எப்படி நடப்பீங்க?"

புதுச் சாலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி அதற்கு மேல் போகாது. செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. எனக்கு வேகமாக நடந்து வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் தம்பியால் இருபது அடிக்கு மேல் நடக்க முடியாது. இருபது அடி நடந்தான், நின்றான். நானும் நின்றேன். அந்த வாசலில் நின்றவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். மறுபடி இருபது அடி, மறுபடி ஒரு வாசல். ஒருத்தி உள்ளே போனாள். ஒருவர் என்னமோ முணுமுணுத்தார். தவறாதவர் என்று யாரும் கூப்பிடவில்லை.

மேஸ்திரி வீட்டு முன்னால் தம்பிக்கு முழுதாக மூச்சு அடைத்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மேஸ்திரி வாசலில்தான் இருந்தான். எங்களுக்கு நடுவில் நான்கடி தூரம். அவன் என் கண்ணைப் பார்த்தான். நானும் பார்த்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். உள்ளிருந்து அவன் இருமுவது கேட்டது.

தம்பிக்கு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் அவனைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தேன்.